பெர்மெட் இல்லாத குழு

தலாஸ்
ஏப்ரல் 11

சால்கின்,

இந்தக் கடிதத்தைப் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போகும் மாமிர் அண்ணன் காரில் கொடுத்தனுப்புகிறேன். உன் நோட்டரி அலுவலக வாசலில் நிறுத்தி, நீ இறங்கி வரும்வரை ஹாரன் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் எண்ணை அழித்துவிட்டேன். கணவாய்ப் பாதைக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். திரையில் வரும் எந்த எழுத்தையும் இனி நான் நம்புவதாக இல்லை. பதில் எழுதினால் காகிதத்தில், உன் கையால் எழுது.

நீ செய்ததை நானே சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்து.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஒட்டகக் கணவாயைத் தாண்டி இறங்கும்போது எங்கள் கார் உருண்டது. ஓட்டியவன், அந்தப் பாதையில் ஆள் ஏற்றிக் கார் ஓட்டிப் பிழைத்த என் அண்ணன் எர்மெக். பக்கத்தில் நான். என் இடுப்பெலும்பும் வலது தொடையும் நொறுங்கின. நாலு நாள் கழித்து பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். "அண்ணன் எங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். சபார் மாமா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு சொன்னார்: "அவன் கணவாய்க்கு அந்தப் பக்கம், தலாஸ் ஆஸ்பத்திரியில இருக்கான்மா. தாடை உடைஞ்சிருச்சு. கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. பேச முடியாது. விரல் நல்லாத்தான் இருக்கு, எழுதுவான்."

எழுதினான். அன்று மாலையே எழுதினான். "கிழவி உயிரோடதான் இருக்கியா. கார் பாழாப்போச்சு, அதைப் பத்தி ஒருத்தரும் விசாரிக்கல." நான் அழுதேன், சிரித்தேன், வலியில் கத்தினேன். நர்ஸ் வந்து திட்டினாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பே அவனைப் புதைத்துவிட்டீர்கள்.

முப்பத்தெட்டு நாள் அவன் எனக்கு எழுதினான். "இன்னிக்கு எத்தனை அடி நடந்தே. நாலா. நம்ம கிழட்டுச் செம்மறி கூட அதிகமா நடக்கும்." அவனுக்குக் காட்டுவதற்காகவே அடுத்த நாள் ஆறு அடி நடந்தேன். குழுவில் பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், பீன்ஸ் வியாபாரிகள், விடுமுறைக்கு ஊர் போகிற மாணவர்கள். கணவாயில் பனியா, பாதை திறந்திருக்கிறதா என்று சொல்லிக்கொள்ளத்தானே அந்தக் குழு? அத்தனை பேரும் என் அடிகளை எண்ணினார்கள். "எர்மெக், தாடை எப்படி இருக்கு?" என்று அவனிடமும் கேட்டார்கள். மண்ணுக்குள் கிடந்தவனிடம் கேட்டார்கள்! நீ பதில் சொன்னாய். அவர்கள் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டு வந்தாள். நம்மில் வெள்ளிக்கிழமை எதற்காக எண்ணெய் காய்ச்சுவார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த வாசனை செத்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. நான் "இன்னும் ரெண்டு குடும்மா" என்று கேட்டு வாங்கித் தின்றேன். என் அண்ணனுக்குப் பொரித்ததை ஜாம் தொட்டுத் தின்றேன்.

நீதான் எழுதினாய் என்று மாமா சொல்லிவிட்டார். எத்தனை முறை எழுதினாய்? எனக்கு எண்ணிக்கை வேண்டும்.

பெர்மெட்

~

பிஷ்கெக்
ஏப்ரல் 16

பெர்மெட் அக்கா,

மூன்று தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இருநூற்றுப் பதினாறு முறை. நேற்று உட்கார்ந்து எண்ணினேன்.

உங்கள் அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஆஸ்பத்திரிக்குக் கறுப்புத் தலைத்துணியோடுதான் வருவார். உங்கள் வார்டுக்கு முன்னால் வெந்நீர்க் குழாய் இருக்கிறதல்லவா, அங்கே நிற்பார். கறுப்பை அவிழ்த்து மடித்துப் பையில் வைப்பார். பூப்போட்ட மஞ்சள் துணியை எடுத்துக் கட்டிக்கொள்வார். குழாயின் பளபளப்பில் முகம் பார்ப்பார். பிறகு உள்ளே வருவார். "புதுத் துணியாம்மா, அழகா இருக்கு" என்று ஒரு நாள் நீங்கள் சொன்னீர்கள். அன்று நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் "ஆமாடி, தள்ளுபடில வாங்கினேன்" என்றார்.

முதல் சில வாரங்களுக்கு அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொன்னது உண்மை. சில வாரம் என்பதை நாற்பது நாளாக்கியவர்கள் பெரியவர்கள். நோயாளியின் காதில் சாவைப் போடக் கூடாது என்பது நம் வழக்கம்தானே அக்கா? உரிய நாள் வந்ததும் நான்கு பெரியவர்கள் வந்து, உங்களை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பெண்கள் தோளைப் பிடித்துக்கொள்ள, முறைப்படி சொல்வதாக இருந்தார்கள். நாற்பதாம் நாள் விருந்து முடிந்த ஐந்தாம் நாள் என்று தேதியும் குறித்திருந்தார்கள்.

குழுவை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பதினோராயிரம் பேருக்கும் துக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நீங்களோ அதற்குள் இருந்தீர்கள். அதனால் இன்னொரு குழு தொடங்கினேன். எல்லாரையும் அதில் சேர்த்தேன், உங்களைத் தவிர. பெயர் வைக்க யோசிக்க நேரமில்லை. "பெர்மெட் இல்லாத குழு" என்று வைத்தேன். அங்கே எல்லாரும் அழுதார்கள். அழுதுவிட்டு இந்தக் குழுவுக்கு வந்து உங்களிடம் சிரித்தார்கள்.

எல்லாம் உங்களுக்காகத்தான் செய்தோம். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அம்மாவிடம் கோபப்படாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

சால்கின்

~

தலாஸ்
ஏப்ரல் 20

சால்கின்,

எனக்காகவா? அந்த வார்த்தையை இன்னொரு முறை எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

அம்மாவின் துணியைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறாய். உனக்கு எழுத வரும் என்று ஏற்கெனவே தெரியும். உன் எழுத்தை நம்பித்தானே நாசமாய்ப் போனேன்.

ஒன்றை மட்டும் நீ எழுதவில்லை. வசதியாக விட்டுவிட்டாய். நானே எழுதுகிறேன்.

மார்ச் இருபது. பீன்ஸ் வியாபாரி ஒருவர் குழு மாறிப் படம் போட்டார். எங்கள் வீட்டு முற்றம். குதிரைக்கறி வேகும் பெரிய கொப்பரை. சுவரில் கறுப்பு நாடா கட்டிய என் அண்ணன் படம். கீழே: "எர்மெக்கின் நாற்பதாம் நாள். இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்." நாலு நிமிஷத்தில் அழித்தார்கள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். "அண்ணா?" என்று மட்டும் அடித்தேன்.

நீ அப்போது நிறுத்தியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் உன் கையில் இருந்தது. நீ என்ன எழுதினாய்?

"பாத்தியா கிழவி, தாடை உடைஞ்சவனால திங்க முடியாதுன்னு இப்பவே விருந்து வச்சுட்டானுங்க. செத்தவனுக்கு ஒரு எலும்பு கூட எடுத்து வைக்கல. அந்த வியாபாரிக்குக் குடி முத்திப்போச்சு."

அவனுடைய நாற்பதாம் நாள் சாப்பாட்டைப் பற்றி அவனையே கேலி பேச வைத்தாய்.

நான் நம்பினேன். தையல் பிரிகிற அளவுக்குச் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து அம்மா மஞ்சள் துணியும் போர்சோக்குமாக வந்தாள். "அம்மா, உன் பிள்ளை என்ன எழுதியிருக்கான் கேளு" என்று வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். எலும்பு என்கிற இடம் வந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. நான்கு பெரியவர்களும் இல்லை, தோளைப் பிடிக்க ஒருத்தியும் இல்லை. கையில் போன் மட்டும்தான் இருந்தது.

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். நீ அதையும் தெரிந்துகொள். யாருக்குக் காட்ட நடப்பது?

இரண்டு கேள்வி. அவன் போன் எங்கே? எழுதும்போது உனக்குப் பிடித்திருந்ததா? கன்னத்தில் கை வைத்து யோசித்து, நல்ல வரி கிடைத்ததும் சந்தோஷப்பட்டாயா? உண்மையைச் சொல்.

பெர்மெட்

~

பிஷ்கெக்
ஏப்ரல் 27

பெர்மெட் அக்கா,

போன் என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு மாமிர் அண்ணனிடம் கொடுக்கிறேன். கடவு எண் உங்கள் பிறந்த தேதி.

இந்த முறை தாள் எதையும் கிழிக்கவில்லை. எனக்கும் கோபம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா சூசாமிரில் ஆடு மேய்ப்பவர் என்று உங்களுக்குத் தெரியும். பட்டச் சான்றிதழோடு ஊருக்குப் போன அன்றைக்கே எனக்குப் பெயர் போய்விட்டது. "படிச்ச பொண்ணு" ஆகிவிட்டேன். மேய்ச்சல் நில மனுவா, படிச்ச பொண்ணு எழுதட்டும். விவாகரத்துக்குக் கடிதமா, படிச்ச பொண்ணு எழுதட்டும். என்ன எழுத வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். எழுதிய கை என்னுடையதாக இருக்கும். அது விவகாரமானால், "நாங்க எங்க எழுதினோம், அந்தப் பொண்ணுல்ல எழுதுச்சு" என்பார்கள்.

பிப்ரவரி பதிமூன்றாம் தேதி உங்களைப் பார்க்க வந்த என்னைச் சபார் மாமா ஆஸ்பத்திரி நடையில் கூப்பிட்டார். அடக்கம் முடித்துவிட்டு வந்திருந்த ஐந்தாறு பெரியவர்களும் நின்றார்கள். கோட்டுப் பையிலிருந்து எர்மெக் அண்ணனின் போனை எடுத்தார். "நாங்கல்லாம் வாய்ப்பேச்சு ஆளுங்க. நீ படிச்ச பொண்ணு. அவனை மாதிரி ஒரு நாலு வரி எழுதிடும்மா, போதும்" என்றார். திரை ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குள் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அது என்னவென்று நான் கேட்கவில்லை. கைக்குட்டையால் துடைத்துவிட்டு நாலு வரி எழுதினேன்.

நாலு வரி போதவில்லை. நீங்கள் பதில் கேட்டீர்கள். போதும் நிறுத்திவிடலாம் என்று மூன்று முறை மாமாவிடம் கேட்டேன். முதல் முறை, "தையல் பிரியட்டும்." இரண்டாம் முறை, "எழுந்து நிக்கட்டும்." மூன்றாம் முறை, "இப்பத்தானே நடக்கிறா, கெடுக்காதே." டிரைவர்கள் இன்னொரு குழுவில் எனக்கு யோசனை சொல்வார்கள். "இப்படித் திட்டு." "கிழவின்னு சொல்லு, அப்பத்தான் நம்புவா." நான் நன்றாக எழுதிய நாளில், "அப்படியே எர்மெக்தாம்ப்பா!" என்று கைதட்டினார்கள். மார்ச் இருபத்திரண்டுக்குப் பிறகு அதே ஆட்கள் எழுதுகிறார்கள்: "பொண்ணு அளவு மீறிப் போயிடுச்சு." "நாங்க நாலு வரிதானே சொன்னோம்." ஒருவர் கேட்கிறார்: "செத்தவன் பேர்ல விளையாட உனக்கு என்ன துணிச்சல்?" அவர்தான் தாடைக்குக் கம்பி என்ற யோசனையைக் கொடுத்தவர்.

நீங்களும் எனக்கு மட்டும்தான் கடிதம் எழுதுகிறீர்கள். பதினோராயிரம் பேரில் எனக்கு மட்டும். மாமாவுக்கு எழுதவில்லை. நான் திருப்பித் திட்ட மாட்டேன் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. ஆமாம், பிடித்திருந்தது.

நான் குழுவில் எழுதியதெல்லாம் என்ன? "கணவாய் திறந்துள்ளது. வெப்பம் மைனஸ் ஒன்பது. பனிக்குச் சக்கரத்தில் சங்கிலி தேவை." மூன்று வருஷமாக அதைத் தவிர ஒரு வரி எழுதியதில்லை. யாராவது "நன்றி சால்கின்" என்று போட்டால் கூட என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைப்பேன். எர்மெக் அண்ணன் பெயரில் எழுதும்போது எனக்குக் கூச்சமே இல்லை. யாரை வேண்டுமானாலும் திட்டினேன். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு என்ன சொல்லித் திட்டலாம் என்றுதான் யோசித்தேன். மார்ச் இருபதாம் தேதி அந்தப் படம் வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது பயம் இல்லை அக்கா. அவர் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்றுதான் தோன்றியது. வரி உடனே வந்துவிட்டது. நல்ல வரி என்று நினைத்தேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது.

அந்த வரியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அது மட்டும் முழுக்க முழுக்க நான்.

சால்கின்

~

தலாஸ்
மே 4

சால்கின்,

போன் வந்தது. மாமிர் அண்ணன் அதை ஒரு ரொட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். என்னிடம் கொடுத்துவிட்டு, கூடையில் இருந்து ஒரு ஆப்பிளை எடுத்தார். கடிக்காமல் திரும்ப வைத்தார். "நானும் சிரிப்புப் பொம்மை போட்டேன்மா" என்றார். "தெரியும், எத்தனைன்னும் தெரியும், போங்க" என்றேன். போனார்.

மாமாவுக்கு எழுதவில்லை என்று குத்திக்காட்டினாய். எழுதவில்லை. நேரிலேயே கேட்டேன். அவர் சொன்னதை அப்புறம் சொல்கிறேன்.

போனில் குறிப்புகள் என்ற இடத்தில் ஒன்று இருந்தது. அழிக்க மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா தெரியாது. அவனைப் போல எழுதுவதற்காக நீ குறித்துவைத்தது.

"கேள்விக்குறி போடமாட்டார். திட்டாமல் நலம் விசாரிக்க மாட்டார். கிழவி என்பது ஒரு நாளில் ஒரு முறைதான், இரண்டாவது முறை வந்தால் உண்மையிலேயே கோபம். யார் சமையலையும் குறை சொல்வார், தட்டைக் காலி செய்வார். தங்கை ஜெயித்தால் 'சரி சரி'. அம்மாவைப் பற்றி ஒருபோதும் கேலி இல்லை. காரில் வயதானவர் ஏறினால் ஜன்னலை ஏற்றுவார், ஆனால் தனக்குக் குளிருகிறது என்பார். இறக்கத்தில் பயந்தால் பாட்டை மாற்றுவார்."

ஊருக்குப் போகும்போதெல்லாம் அவன் காரில் பின் சீட்டில் மூலையில் உட்கார்ந்து வருவாயே, வாயைத் திறக்காமல், அப்போது பார்த்ததா இதெல்லாம்? பிறந்ததிலிருந்து அவனோடு சண்டை போட்டவள் நான். அந்தக் கடைசி வரி எனக்குத் தெரியாது.

அன்றைக்கு இறக்கத்தில் அவன் பாட்டை மாற்றினான். நான், "நல்லாத்தானே இருந்துச்சு, பழையபடி வை, மாடு" என்றேன். அவன் வைக்கவில்லை. நான் கை நீட்டி மாற்றினேன். அவன் மறுபடி மாற்றினான். அதோடு எனக்கு ஞாபகம் இல்லை.

அவன் பயந்துகொண்டிருந்தான். எனக்கு மே மாதம்தான் அது தெரிகிறது. அதுவும் உன் திருட்டுக் குறிப்பிலிருந்து.

நான் இன்னும் அழவில்லை சால்கின். கண்ணீர் வந்தது, அதைச் சொல்லவில்லை. ஒப்பாரியைச் சொல்கிறேன். செத்தவனுக்குக் கூடப் பிறந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவன் எப்படி இருந்தான் என்று ஊர் கேட்கக் குரலெடுத்துச் சொல்லி அழ வேண்டும். அது என் பங்கு. சித்தி மகள்கள் என் இடத்தில் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டார்கள். மாமாவிடம், "எனக்கு முறைப்படி யாரும் சொல்லல, இப்ப சொல்லுங்க, நான் அழணும்" என்று கேட்டேன். "அதான் தெரிஞ்சிருச்சே, அப்புறம் எதுக்குச் சொல்றது? நாப்பது தாண்டியாச்சு. இனி அழுதா அவனுக்குத்தான் பாரம். வாயை மூடிட்டு எழுந்து நட" என்றார்.

அதனால் நீ வா. அவன் வாயை எடுத்துக்கொண்டவள் நீ. நீயே வந்து சொல். பருந்து பறந்துவிட்டது, மலை சரிந்துவிட்டது என்று பெரியவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வதெல்லாம் எனக்கு வேண்டாம். செத்துவிட்டான் என்று சொல். உன் குரலில், என் முகத்தைப் பார்த்துச் சொல்.

எழுதிக் கொண்டுவராதே.

பெர்மெட்

~

பிஷ்கெக்
மே 9

பெர்மெட் அக்கா,

என்னால் முடியாது.

நீங்கள் கூப்பிட்டது எப்படியோ தெரிந்து மாமா போன் செய்தார். "கல்யாணம் ஆகாத பொண்ணு சாவுச் செய்தி சொல்றதா? எங்க ஊர்ல பெரியவங்க நாங்க செத்தா போயிட்டோம்? எழுதிக் கெடுத்தது போதும், வந்து வேற கெடுக்காதே" என்றார். நான் வழக்கம்போல, "சரிங்க மாமா" என்றேன்.

மாமா ஒரு காரணம்தான். பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு என்றால் எனக்குக் குரல் போய்விடும். ஆசிரியர் இரக்கப்பட்டு, "சரி, எழுதிக் குடு" என்பார். அப்படித்தான் பட்டம் வாங்கினேன். உங்கள் ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை வந்தேன், உங்களிடம் சேர்ந்தாற்போல மூன்று வாக்கியம் பேசியிருப்பேனா? பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்குவேன். வெளியே போய் அவராக எழுதுவேன். நீங்கள் என்னிடமே காட்டுவீர்கள்: "பாரு சால்கின், இந்த மாடு என்ன எழுதியிருக்கு."

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகம் காலியாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "எர்மெக் அண்ணன்" வரைக்கும் வந்தது. அடுத்த சொல் வரவில்லை. அந்தச் சொல்லை நான் இதுவரை ஒருமுறை கூட வாயால் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் பெயரில் எழுதியும் இல்லை. இன்னொரு குழுவில் கூட "நம்மைவிட்டுப் போய்விட்டார்" என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு இருநூற்றுப் பதினாறு முறை அவராக இருந்துவிட்டேன்.

நான் இன்னும் அவருக்காக அழவில்லை அக்கா. எனக்கு அந்த உரிமை எந்த முறையிலும் இல்லை. காரில் பின் சீட்டில் வந்தவளுக்கு எந்தச் சுவர்?

சனிக்கிழமை காலை முதல் காரில் வருகிறேன். மாமாவிடம் சொல்லவில்லை.

சால்கின்

~

தலாஸ்
மே 20

சால்கின்,

உன்னை மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி மூன்று தாளைக் கிழிப்பாய்.

நீ சனிக்கிழமை வாசலில் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் கூடக் குரைத்து அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது. நீ அப்படியே நின்றாய். அம்மாதான், "உள்ள வந்து தொலையேண்டி, டீ ஆறுது" என்று கத்தினாள். மாமாவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதே. மாமிர் அண்ணனுக்கு வாயில் எதுவும் தங்காது.

மாமா உன்னைப் பேசியதெல்லாம் என் காதிலும் விழுந்தது. "படிச்ச திமிர்" என்றார். நீ அதற்கு, "ஆமாங்க மாமா, நீங்கதான் படிச்ச பொண்ணுன்னு கூப்பிட்டீங்க, வந்திருக்கேன்" என்றாய். சத்தமில்லாமல்தான் சொன்னாய். ஆனால் அவருக்குக் கேட்டது. சித்தி இருமி மறைத்தாள், அது சிரிப்பு.

என் முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாய். "பெர்மெட் அக்கா, எர்மெக் அண்ணன் செத்துட்டார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே. அதுக்கப்புறம் உங்களுக்கு வந்ததெல்லாம் நான்." ஆட்டுக்குட்டி கத்துவது போல இருந்தது உன் குரல். நான் கேட்டதற்கு மேல் அந்தக் கடைசி வாக்கியத்தையும் சொன்னாய். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் உன்னை வெளியே அனுப்பியிருப்பேன்.

மாமா எழுந்து போய்விட்டார். போகட்டும். அம்மா எனக்குக் கறுப்புத் துணி கட்டினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

எனக்கு என்ன பாடுவது என்று தெரியவில்லை சால்கின். சிங்கம், சிறுத்தை, மலையின் தூண் என்று மற்றவர்களுக்கு அழுவதைக் கேட்டிருக்கிறேன். அவன் எந்தத் தூண்? சங்கிலி மாட்டாமல் கணவாய் ஏறி அபராதம் கட்டுகிறவன். வாயைத் திறந்தால் உன் குறிப்புதான் வந்தது. திட்டாமல் நலம் கேட்காதவனே. குறை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தவனே. கிழவர்களுக்கு ஜன்னலை ஏற்றிவிட்டு எனக்குக் குளிருது என்றவனே. பயந்தபோது பாட்டை மாற்றினாயே, நான் அதைத் திருப்பி மாற்றினேனே. அங்கே என் குரல் உடைந்தது. நீ எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். அடுத்த வரியை நீ எடுத்தாய். அந்த ஆட்டுக்குட்டிக் குரலில்தான். ஆனால் எடுத்தாய். பக்கத்து வீட்டுப் பெண்கள் மாவுக் கையோடு ஓடிவந்தார்கள். நாற்பது தாண்டிவிட்டதே என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

அது உன் சுவர் இல்லை. ஆனால் எழுந்து போ என்றும் நான் சொல்லவில்லை.

நேற்று வாசல்வரை நடந்தேன். யாருக்கும் காட்ட இல்லை. நாய்க்கு எலும்பு போட.

போனை அம்மாவிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன், நீ இரண்டு வேலை செய். அந்த இன்னொரு குழுவில் என்னைச் சேர். பிப்ரவரியிலிருந்து அவர்கள் அழுதது எல்லாவற்றையும் நான் படிக்க வேண்டும், ஒரு வரி விடாமல். ஒருவரும் எதையும் அழிக்கக் கூடாது. பெயரையும் மாற்றாதே. "பெர்மெட் இல்லாத குழு" என்றே இருக்கட்டும். நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொருவரும் அந்தப் பெயரைப் பார்க்கட்டும்.

இரண்டாவது, கணவாய் நிலவரம். மார்ச்சிலிருந்து யாரும் ஒழுங்காகப் போடுவதில்லை என்று மாமிர் அண்ணன் புலம்புகிறார். நாளைக் காலையிலிருந்து நீ போடு. வெப்பம், சங்கிலி எல்லாம் போடு. உன்மேல் பழி போட்டவர்களை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அதற்குக் கீழே போடு.

உன் பெயரில்.

பெர்மெட்